பந்தைப் பிடிக்க வேண்டாம், முன்னால் விழவைத்தால் போதும்

சென்னையில் பேஸ்பால் ஆட வருகிற பிள்ளைகளில் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தை வாங்குபவராக) நிற்க ஆசைப்படுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே விக்கெட் கீப்பர்கள். "நான் கீப்பிங் பண்ணுவேன் அக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். குந்தி உட்காரப் பழகியிருக்கும், கை வேகம் இருக்கும், பந்தைக் கண்டு பின்வாங்க மாட்டார்கள். நேராக வரும் பந்துகளை அவர்கள் வாங்குகிற அழகைப் பார்த்தால் ஒரு மாதத்தில் மேட்சுக்கு இறக்கிவிடலாம் என்று தோன்றும். பிட்சர், அதாவது பந்து எறிபவர், ஒரு பந்தை ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கும் இடத்துத் தகட்டுக்கு) முன்னால் மண்ணில் குத்தட்டும், கதை மாறிவிடும். பந்து அவர்கள் கால்களுக்கு நடுவே புகுந்து பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் கல்லூரியில் சாஃப்ட்பால் கேட்சராக ஆடியவள். இப்போது வார இறுதிகளில் பேஸ்பால் பிள்ளைகளுக்கு, அதிலும் கேட்சர்களுக்கு, பயிற்சி கொடுக்கிறேன். மண்ணில் குத்தும் பந்தை உடம்பால் தடுக்கும் இந்த 'பிளாக்கிங்' என்ற ஒரே வேலைக்குத்தான் என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது. அதற்குக் காரணம் பிள்ளைகளின் திறமைக் குறைவு அல்ல. கீப்பிங் அவர்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிற எல்லாமே இங்கே தலைகீழ்.

கீப்பருக்கு என்ன சொல்கிறோம்? பந்து எழும்போது அதோடு சேர்ந்து நீயும் எழு, கையைத் தளர்த்திப் பந்தை உள்ளே வாங்கு, உடம்புக்குப் பக்கவாட்டில் இடுப்போரமாக எடு. இரண்டு கையிலும் கிளவ் இருப்பதால் அது சரி. கேட்சர் கீழே போக வேண்டும், கீழேயே இருக்க வேண்டும். பந்தைப் பக்கவாட்டில் அல்ல, நெஞ்சுக்கு நேராக வாங்க வேண்டும். ஒரு கையில் மட்டும்தான் மிட் (கேட்சரின் கிளவ்), இன்னொரு கை வெறுங்கை. எழும்பும் பந்தை இரண்டு கையாலும் அள்ளப் போகிற கீப்பர் பழக்கம் அப்படியே வந்தால் வலது கை விரல்களுக்கு ஆபத்து. பேஸ்பால் எடை 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் குறைவு என்று தெரிந்ததும் பிள்ளைகள் அலட்சியமாகிவிடுகிறார்கள். விரல் நுனியில் பட்டால் அந்தப் பத்துப் பதினைந்து கிராம் வித்தியாசம் எந்த உதவியும் செய்யாது.

முதல் நாளே நான் சொல்லிவிடுவது ஒன்றுதான்: மண்ணில் குத்திய பந்தைப் பிடிக்கப் பார்க்காதே. உன் முன்னால், கை எட்டும் தூரத்தில் செத்து விழவை. அது போதும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஸ்கோர் எழுதும் முறையிலிருந்து தொடங்கி விளக்குவேன். பந்து கேட்சரிடம் வருவதற்கு முன்பே தரையில் பட்டுத் தாண்டிப்போய், பேஸில் (ரன்னுக்காக ஓடித் தொட வேண்டிய இடத்தில்) நிற்பவர் முன்னேறிவிட்டால் அது 'வைல்ட் பிட்ச்'. குறிக்கப்படுவது பிட்சரின் கணக்கில். கேட்சர் தடுத்திருக்கலாமே என்று ஸ்கோர் தாளில் யாரும் எழுதுவதில்லை. உன்னால் நிறுத்தியிருக்கக்கூடிய பந்துக்கு உன் நண்பன் பழி சுமக்கிறான். இரண்டு முறை அப்படி நடந்தால் அவன் தாழ்வாகப் போடவே பயப்படுவான். வளைந்து இறங்க வேண்டிய கர்வ் பாலைக் கொஞ்சம் மேலேயே விடுவான். மேலே தொங்கும் கர்வைப் பேட்டர் அடித்தால் எங்கே போய் விழும் என்று சொல்லத் தேவையில்லை. கேட்சர் நன்றாக பிளாக் செய்தால் பிட்சருக்குத் தைரியமாக ஒரு பந்து கூடுதலாகக் கிடைக்கிறது. நான் பிளாக்கிங்கைச் சொல்லிக்கொடுப்பது முக்கியமாக அதற்காகத்தான்.

மூன்றாவது ஸ்ட்ரைக் விதியையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை. பேட்டர் வீசித் தவறவிட்ட பந்தும், அடிக்காமல் விட்ட நல்ல பந்தும் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பொதுவாக அவுட். முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் சுத்தமாகப் பிடிக்காவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சுற்றான உலகத் தொடரில், 1941இன் 4வது ஆட்டத்தை இதற்குச் சொல்வேன். புரூக்ளின் டாட்ஜர்ஸ் 4-3 என்று முன்னணியில், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், எதிரணியான யாங்கீஸின் பேட்டர் டாமி ஹென்ரிக் மூன்றாவது ஸ்ட்ரைக்கையும் வீசித் தவறவிட்டார். ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். பந்து டாட்ஜர்ஸ் கேட்சர் மிக்கி ஓவனைத் தாண்டிப் போய்விட்டது, ஹென்ரிக் முதல் பேஸுக்கு ஓடிவிட்டார், யாங்கீஸ் அந்த இன்னிங்ஸிலேயே 4 ரன் எடுத்து 7-4 என்று ஜெயித்தது. இதைக் கேட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் பிளாக்கிங் பயிற்சி போரடிக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. முறையான பேஸ்பால் மைதானத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் தடுப்பு வேலி இருக்கும். நாங்கள் பழகும் இடங்களில் பின்னால் இருப்பது இன்னொரு மேட்ச். ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும், ஒருவருடைய மிட் ஆஃப் இன்னொருவருடைய ஸ்லிப்பில் நிற்பார். அப்படிப்பட்ட இடத்தில் தாண்டிப்போன பந்து எங்கே நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. "அண்ணா, பால்!" என்று கத்தி, அவர் எடுத்து எறிவதற்குள் பேஸில் நின்ற ரன்னர் ஹோம் பிளேட்டுக்கு வந்துவிடுவார்.

சரி, உடம்பு எப்படி இருக்க வேண்டும்?

மிட் முதலில் போகும். முட்டி அதன் பின்னால் போகும். இந்த வரிசைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இரண்டு முட்டிகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மிட் தரையோடு தரையாக அடைக்க வேண்டும், ஏனென்றால் பந்து நுழையும் பெரிய ஓட்டை அதுதான். வெறுங்கை மிட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தோள்கள் முன்னால் வளையும், நெஞ்சு மிட்டின் மேல் கவிந்திருக்கும், மோவாய் நெஞ்சில் ஒட்டும். மோவாய் ஒட்டினால் தொண்டை மூடிக்கொள்கிறது, கண்ணும் தானாகப் பந்தின் மேல் போகிறது. குதித்துக்கொண்டு கீழே போகக் கூடாது. பல பிள்ளைகள் முதலில் ஒரு துளி மேலே எழுந்துவிட்டுத்தான் கீழே விழுவார்கள், அந்தத் துளி நேரத்தில் பந்து உள்ளே போய்விடும். இருக்கிற இடத்திலிருந்து நேராகக் கீழே.

பந்து படும் நேரத்தில் மூச்சை வெளியே விடச் சொல்வேன். மூச்சைப் பிடித்து நெஞ்சை விறைப்பாக வைத்தால் பந்து நெஞ்சுக் கவசத்தில் (செஸ்ட் கார்டில்) பட்டுத் தெறித்துப் பத்தடி போகும். மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்தினால், ஈரச் சாக்குமூட்டையில் விழுந்த பந்து மாதிரி அங்கேயே விழும்.

இனி டிரில்கள். வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

பந்தே இல்லாமல் தொடங்குங்கள். கேட்சர் முழு கார்டோடு உட்காருவார், நான் பிட்சர் இடத்தில் நின்று எறிவது போல் கையை மட்டும் சுழற்றுவேன். கை முன்னால் வந்ததும் அவர் கீழே போக வேண்டும். கீழே போனதும் அப்படியே உறையச் சொல்வேன். நான் நடந்து வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்: மிட் தரையில் இருக்கிறதா, விரல் ஒளிந்திருக்கிறதா, மோவாய் எங்கே இருக்கிறது. ஒரு பந்தை எடுத்து அவர் முட்டிகளுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பேன். நுழைந்தால் மறுபடியும். இது அலுப்பாகத் தெரியும். ஆனால் பந்து வர ஆரம்பித்த பிறகு இதையெல்லாம் திருத்த முடியாது, பந்து வந்துவிட்டால் பிள்ளையின் கவனம் பந்தில்தான் இருக்கும்.

அடுத்தது பயத்தைக் கையாளும் டிரில். எல்லா டிரில்களிலும் நான் அதிக நேரம் செலவழிப்பது இதற்குத்தான். கேட்சர் ஏற்கெனவே முட்டி போட்டு, தோளை வளைத்து உட்கார்ந்திருப்பார். மிட் கிடையாது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். நான் ஏழெட்டு அடி தள்ளி முட்டி போட்டு, டென்னிஸ் பந்தை அவர் முன்னால் ஒரு குத்து குத்தி நெஞ்சில் படும்படி மெதுவாக எறிவேன். அவர் செய்ய வேண்டியது இரண்டே வேலை: பந்தைக் கடைசி வரை பார்ப்பது, மூச்சை விடுவது. கை கட்டப்பட்ட மாதிரி இருப்பதால் பிடிக்கும் ஆசைக்கு இடமே இல்லை. மாஸ்க் கம்பியில் பந்து 'டங்' என்று பட்டு ஒன்றும் ஆகாதபோது முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை கேட்சர்.

தலையைத் திருப்புவதுதான் இங்கே பெரிய சிக்கல். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்புவது மனித இயல்பு, அதற்காக யாரையும் திட்டக் கூடாது. ஆனால் மாஸ்க் காப்பது முன்பக்கத்தைத்தான். திருப்பினால் காதோரமும் கழுத்தும் பந்துக்கு நேராக வந்துவிடும். "நேரா பார்த்தா மாஸ்க் வாங்கிக்கும், திருப்பினா நீதான் வாங்கணும்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பந்தின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதி, பட்டதும் என்ன எண் என்று சொல்லச் சொல்வதும் உதவுகிறது. எண்ணைப் படிக்க வேண்டுமென்றால் கண் திறந்திருந்தே ஆக வேண்டும்.

டென்னிஸ் பந்திலிருந்து ரப்பர் பந்து, அதிலிருந்து நிஜப் பந்து. தலை திரும்புவது நின்ற பிறகே அடுத்த பந்து. நாள் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சில பிள்ளைகள் ஒரே வாரத்தில் மாறுவார்கள், சிலருக்கு ஒரு பருவமே ஆகலாம். ஒரு பையனின் அம்மா கிரவுண்ட் ஓரத்தில் நின்றுகொண்டு, "இவ்ளோ நாளா டென்னிஸ் பால்லயே ஆடறானே மேடம், எப்போ நிஜ பால் கொடுப்பீங்க?" என்று கேட்டார். "அவன் கேக்கட்டும்மா, அன்னிக்கே கொடுத்துடறேன்" என்றேன். அவன் கேட்ட நாளில் தலை அசையவே இல்லை.

நேராக வரும் பந்து பழகியதும் பக்கவாட்டுக்குப் போகலாம். சுண்ணாம்புப் பொடி கிடைக்காத நாளில் கோலமாவை வைத்தே ஹோம் பிளேட்டின் பின்னால் ஒரு அரை வட்டம் போடுவேன். கேட்சர் இடமோ வலமோ நகரும்போது அந்த வளைவின் மேல்தான் நகர வேண்டும், நேர்கோட்டில் அல்ல. வளைவில் போனால் வெளிப்பக்கத் தோள் தானாக உள்ளே திரும்பி, நெஞ்சு ஹோம் பிளேட்டைப் பார்க்கும். பட்ட பந்து ஆட்டத்துக்குள்ளேயே விழும். நேர்கோட்டில் போனால் நெஞ்சு வெளியே பார்க்கும், பந்து ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்-அவுட் பக்கம் தெறிக்கும். பந்து வரும் பக்கத்து முட்டியை முதலில் கொண்டுபோகச் சொல்லுங்கள், எதிர்க்கால் தள்ளிவிடட்டும்.

கர்வ் பாலுக்கு வந்ததும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, சுழற்சியை அவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். வலக்கை பிட்சர் போடும் கர்வ், காற்றில் கேட்சரின் வலப்பக்கமாக விலகி வரும். மண்ணில் குத்தியதும் பெரும்பாலும் எதிர்ப்பக்கம், கேட்சரின் இடப்பக்கம், திரும்பப் பார்க்கும். வலக்கை ஆஃப் ஸ்பின்னரின் பந்து எந்தப் பக்கம் திரும்புமோ அதே பக்கம். "அஸ்வின் பால் குத்தி எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டால் உடனே கையைக் காட்டுவார்கள். அதனால் கர்வைத் துரத்திக்கொண்டு வலப்பக்கம் முழுதாகப் போய்விடக் கூடாது, பந்து இடத்தோளுக்கு வெளியே ஓடிவிடும். பந்து குத்தும் இடத்துக்குச் சற்று இடமாக நெஞ்சின் நடுவை வைக்க வேண்டும். செங்குத்தாக இறங்குவதால் கர்வ் உயரமாகவும் எழும், எனவே நெஞ்சு இன்னும் கவிந்திருக்க வேண்டும். வேகப்பந்து சாய்வாக வந்து தாழ்வாகவே போகும், அதற்கு மிட்தான் காவல்.

பிறகு முடிவெடுக்கும் டிரில். இருபதடி தூரத்திலிருந்து நான் கலந்து எறிவேன், சில நேர் ஸ்ட்ரைக், சில மண்ணில். கேட்சருக்கு எது வரும் என்று தெரியாது. ஸ்ட்ரைக்குக்கும் முட்டி போட்டுவிட்டால் அது தப்பு, ஏனென்றால் நல்ல பந்தை அம்பயர் கண்ணுக்குப் பாழாக்குகிறார். இந்த டிரிலை ஒரு சுற்றுக்கு எட்டுப் பந்து, மூன்று சுற்றுக்கு மேல் வைக்க வேண்டாம். களைப்பில் செய்யும் பிளாக் எல்லாம் தவறான பழக்கமாகத்தான் ஒட்டும்.

பிளாக் செய்ததோடு வேலை முடியவில்லை என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பந்து முன்னால் விழுந்ததும் எழுந்து, அதைத் தாண்டி ஒரு கால் வைத்து, மிட்டாலும் வெறுங்கையாலும் சேர்த்து அள்ளி, எறியத் தயாராக நிற்க வேண்டும். வெறுங்கையால் மட்டும் கொத்தி எடுக்கப் போனால் நழுவும். ரன்னர் பார்ப்பது பந்து எங்கே விழுந்தது என்பதை மட்டும் அல்ல, கேட்சர் எவ்வளவு சீக்கிரம் எழுகிறார் என்பதையும்தான். சீக்கிரம் எழும் கேட்சரைப் பார்த்து அவர்கள் பேஸை விட்டே நகர்வதில்லை.

துணைக்கு ஆள் இல்லாத நாளிலும் பழகலாம். அபார்ட்மென்ட் காம்பவுண்டு சுவர் போதும், வாட்ச்மேன் அண்ணாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்தடி தள்ளி முட்டி போட்டு, டென்னிஸ் பந்தைச் சுவரில் தாழ்வாக எறிந்தால் ஒரு குத்து குத்தித் திரும்பி வரும். மிட் இல்லாமல் நெஞ்சில் வாங்குங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டுதான், அது டென்னிஸ் பந்தாக இருந்தாலும்.

முட்டியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். நம் மைதானத்து மண் ஏப்ரல், மே மாதங்களில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே, தசைநார் எலும்பில் சேரும் இடத்தில் வலி வருவது சகஜம். அந்த வலியோடு பிளாக்கிங் பழகக் கூடாது, டாக்டரைப் பார்த்துவிட்டு, சரியாகும் வரை எறிதல், பிடித்தல் மட்டும் போதும். பந்தில்லாத டிரில்களை யோகா மேட் மேலோ புல்லிலோ வையுங்கள். கீழே விழும் அசைவை மட்டும் பழக நான் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போவதுண்டு. உலர்ந்த மணலில் முட்டிக்கு வலியே தெரியாது, எத்தனை முறை வேண்டுமானாலும் கீழே போகலாம். அங்கே பந்து எழும்பாது என்பதால் அசைவுக்கு மட்டும்தான் அந்த இடம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கிரவுண்ட் சேறாகிவிடும்போதும் ஹாலிலோ மொட்டை மாடியிலோ மேட் போட்டு இந்த அசைவுகளைத் தொடரலாம்.

வெயில் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். செஸ்ட் கார்ட், ஷின் கார்ட், மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு நம் ஊர் புழுக்கத்தில் உட்கார்ந்து எழுவது மற்ற ஆட்டக்காரர்களின் உழைப்பைவிடக் கடினம். காலை எட்டு மணிக்குள் கேட்சர் பயிற்சியை முடித்துவிடுவேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மாஸ்க்கைக் கழற்றித் தண்ணீர், ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ்.

கார்டு வாங்கும்போது அளவைப் பாருங்கள், விலையை அடுத்துப் பார்க்கலாம். "வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசாவே வாங்கிடலாம்" என்று பெரியமேட்டுக் கடைகளில் பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பள்ளி யூனிஃபார்முக்கு அது பொருந்தும். செஸ்ட் கார்ட் பெரிதாக இருந்தால், தோளை வளைக்கும்போது மேலே ஏறி மோவாயை இடிக்கும், பிள்ளை தலையைத் தூக்கிவிடும், தொண்டை திறந்துவிடும். கடையிலேயே முட்டி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாஸ்க்கில் தொண்டைக் காப்பு இருக்க வேண்டும், பையன்களுக்குக் கப் (அடிவயிற்றுக்குக் கீழே போடும் காப்பு) இல்லாமல் ஒரு பந்துகூடக் கிடையாது. பெண்பிள்ளைகளுக்கு அவர்களுக்கென்று வரும் செஸ்ட் கார்டைக் கேட்டு வாங்குங்கள், பையன்களுடையது சரியாக உட்காராது.

கடைசியாக நான் சேர்ப்பது பிட்சரும் கேட்சரும் சேர்ந்து செய்யும் டிரில். எவ்வளவு பழகினாலும் சில பந்துகள் தாண்டிப் போகும். சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருதை ஒன்பது முறை வாங்கிய கேட்சர் யாடியர் மோலினாவையும் தாண்டிப் பந்துகள் போயிருக்கின்றன. மூன்றாம் பேஸில் ஆள் நிற்பதாக வைத்துக்கொண்டு, நான் வேண்டுமென்றே ஒரு பந்தைக் கேட்சருக்குப் பின்னால் உருட்டிவிடுவேன். அவருக்குப் பந்து எங்கே என்று தெரியாது, பிட்சருக்குத் தெரியும். பிட்சர் ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வந்துகொண்டே கையைக் காட்டி "ரைட்! ரைட்!" என்று கத்த வேண்டும், எந்தக் கண்ணோட்டத்தில் ரைட் என்பதை இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், நாங்கள் கேட்சரின் வலதைத்தான் வைத்திருக்கிறோம். கேட்சர் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி, பந்துக்குப் பக்கத்தில் சறுக்கி, முட்டியளவு உயரத்தில் பிட்சரின் கிளவுக்கு எறிவார். பிட்சர் பிளேட்டின் முன்பக்கம் நின்று, ரன்னருக்கு வழி விட்டு, பந்து இருக்கும் கிளவால் அவரைத் தொட்டு அவுட் (டேக்) செய்வார். ரன்னராக அணியிலேயே வேகமான பிள்ளையை ஓடவிடுங்கள்.